ஜெர்மனியில் ஓபேராகப் போய், அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி படிப்பது, நம் பிள்ளைகளுக்குச் சரிப்பட்டு வருமா?

தங்கைக்கு 20 வயது, ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டாள், வீட்டில் "ஆயா வேலைக்கா அவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரு குடும்பத்தில் ஓபேராக இருந்தவள் நான். சரிப்பட்டு வரும். ஆனால் வாய் திறந்து கேட்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும்.

வீட்டாருக்கு முதலில் விதிமுறைகளைக் காட்டுங்கள். விண்ணப்பிக்கும்போது 18 வயது நிரம்பி, 27 ஆகாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கூடமாட வீட்டு வேலை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 30 மணி நேரம்தான். தனி அறை, சாப்பாடு, காப்பீடு குடும்பத்தின் பொறுப்பு. நான் இருந்தபோது கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. இதில் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் இப்போதே அழித்துவிடச் சொல்லுங்கள்.

வேலை என்றால் எப்படி இருக்கும்? மூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும், இல்லாவிட்டால் சர்ச் மணி அடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள். ஆனால் மழைக்காகக் கிண்டர்கார்டனில் பிள்ளைகளை உள்ளே அடைத்து வைப்பதில்லை. தினமும் காலையில் அந்த வீட்டுச் சின்னவனுக்குத் தார்ப்பாய் மாதிரி ஒரு பேன்ட்டை மாட்டி, அதன் விளிம்பை ரப்பர் பூட்ஸுக்கு மேலே இழுத்துவிட வேண்டும். உள்ளே சொருகினால் தண்ணீர் நேராக பூட்ஸுக்குள் இறங்கும். எல்லாம் மாட்டி முடித்தபின் "பாத்ரூம்" என்பான். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸை நான் மாற்றிச் சொன்னால் அந்த அவசரத்திலும் திருத்துவான். வகுப்பைவிட அவனிடம்தான் எனக்கு ஜெர்மன் வந்தது.

நம் பிள்ளைகள் திணறுவது சாப்பாட்டு மேஜையில். "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். ராத்திரி பெரும்பாலும் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய்தான்; அடுப்பே எரியாது. எனக்கு ரசம் வேண்டும், நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். தாராளமாக வை என்றார்கள். தாளித்ததும் அந்த வீட்டம்மா ஜனவரிக் குளிரில் ஜன்னலையெல்லாம் விரியத் திறந்துவிட்டார். முகம் சுளித்து இல்லை, அவர்கள் குளிர்காலத்திலும் தினமும் அப்படிக் காற்று விடுவார்கள்.

வேலை நேரத்திலும் அப்படித்தான், நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வார அட்டவணை ஒட்டியிருக்கும். சாயங்காலம் அவர்கள் வெளியே போய், நான் பிள்ளைகளோடு இருந்த நேரம் அதில் ஏறாமலே போனது. ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, இதுவும் 30 மணிக்குள் சேர்த்திதானே என்றேன். வீட்டம்மா பேனாவை எடுத்து எழுதிவிட்டு, அடுத்த வாரம் எனக்கு ஒரு மத்தியானம் விடுப்பு கொடுத்தார். மனக்கசப்பு எதுவும் இல்லை. நம் ஊரில் இதே பேச்சு இரண்டு நாள் முகம் தூக்கலில் முடிந்திருக்கும்!

எல்லாக் குடும்பமும் இப்படி இல்லை. மொழி வகுப்பில் என்னோடு படித்த ஒரு பெண்ணை முழு வீட்டையும் துடைக்க விட்டிருந்தார்கள். அவள், குடும்பம் தேடிக் கொடுத்த ஏஜென்சியிடம் சொல்லி வேறு குடும்பத்துக்கு மாறிக்கொண்டாள். மாற வழி உண்டு என்பதைத் தங்கை தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஏஜென்சி என்றதும் ஞாபகம் வருகிறது: ஜெர்மன் ஏஜென்சி ஓபேரிடம் 150 யூரோவுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. இங்கே லட்சக் கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். குடும்பத்தோடு வீடியோ காலில் பேசும்போது முந்தைய ஓபேரின் தொடர்பைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த குடும்பத்தைப் பாருங்கள்.