நூற்றுக்கணக்கான பைக்குகளோடு நன்கொடை ரைடு போன அனுபவம் எப்படி? பயமாக இருக்காதா, பணம் போய்ச் சேருமா?

டர்பனில் இரண்டு முறை போயிருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில், வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்து ஆறு வருடம் ஆகிறது. பயமா என்றால், முதல் பத்து நிமிடம் இருக்கும். ஆனால் பைக் ஓட்டுவது இதில் சுலபமான பகுதி. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போய் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றிப் பேசி நூறு ரேண்ட் கேட்பது இருக்கிறதே, அதற்குத்தான் எனக்கு வியர்த்தது.

நான் போன ரைடின் பெயர் டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு. வாய்க்குள் நுழையாது, டிஜிஆர் என்றே சொல்வோம். 2012-இல் சிட்னியில் மார்க் ஹவா என்பவர் ஆரம்பித்தது. டிவி தொடர் நாயகன் ஒருவன் கோட் சூட்டோடு பழைய பைக்கில் உட்கார்ந்திருந்த படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். பைக்குக்காரன் என்றாலே ரவுடி என்கிற நினைப்பை மாற்ற, எல்லோரும் இப்படி உடுத்திக்கொண்டு ஊர்வலம் போனால் என்ன என்று தோன்றியிருக்கிறது. முதல் வருடமே 64 நகரங்களில் 2,500 பேருக்கு மேல் ஓட்டினார்கள். இப்போது உலகம் முழுக்க மே மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. வசூலாகும் பணம் மூவெம்பர் என்கிற ஆண்கள் நலத் தொண்டு அமைப்பு வழியாகப் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத் திட்டங்களுக்கும் போகிறது.

கோட் சூட் என்றதும் எனக்கு வேறு யோசனை வந்தது. ஆளுக்கு ஆள் டை கட்டிக்கொண்டு வரும் இடத்தில் நாம் பட்டு வேட்டியில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்! வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. ஊரில் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லட் ஓட்டியவர்தானே என்று வாதாடினேன். "தாத்தா தெருமுனை டீக்கடைக்குப் போனார், நீங்க ஹைவேல போகப்போறீங்க, செயின்ல வேட்டி சிக்கினா அங்கே யார் எடுத்துவிடுவா?" என்றாள் மனைவி. அதற்குப் பதில் இல்லை. கடைசியில் மச்சான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். தோளிலும் முழங்கையிலும் பேட் வைத்த உள்சட்டை ஒன்று கோட்டுக்குள்ளே. சிலர் வெறும் சட்டை, சஸ்பெண்டர், திறந்த ஹெல்மெட் என்று வந்திருந்தார்கள். படத்தில் அவர்கள்தான் அழகாகத் தெரிவார்கள். ஆனால் விழுந்தால் தார்ச்சாலை கோட்டின் விலையைப் பார்க்காது, ஆகவே கையுறையையும் பூட்சையும் மட்டும் விடாதீர்கள். டையை சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். நான் செருகவில்லை. கடற்கரைச் சாலை திரும்பியதும் காற்றில் அது எழும்பி ஹெல்மெட் கண்ணாடியில் பட் பட்டென்று அடித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டிய அந்த அரைக் கிலோமீட்டர் எனக்கு மறக்காது.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. நம்ம சென்னை வண்டி. 195 கிலோ. நெடுஞ்சாலையில் சிங்கம்தான், ஆனால் இந்த மாதிரி ரைடில் ஊருக்குள் நாற்பதைத் தாண்டாமல், நின்று நின்றுதான் போகவேண்டும். அரை மணி நேரத்தில் இடது கை கிளட்ச் பிடித்தே மரத்துப்போகும், வலது காலில் இன்ஜின் சூடு ஏறும். நிற்கிற இடத்தில் எல்லாம் நியூட்ரலுக்குப் போட்டுக் கையை உதறிக்கொள்ளுங்கள்.

ஆட்கள் அதிகமாகும்போது நடக்கும் இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முன்னால் போகிறவர் ஐம்பதில் சீராகப் போவார். பின்னால் இருக்கும் நமக்கோ திடீரென்று எழுபது போட்டால்தான் எட்டிப் பிடிக்க முடியும், அடுத்த நிமிடமே பிரேக். ஒவ்வொருவரும் வேகம் எடுக்க ஒரு நொடி தாமதிக்கிறார்கள், நூறு வண்டியில் அது சேர்ந்து சேர்ந்து வரிசை ரப்பர் பேண்டு மாதிரி இழுபடுகிறது. புதியவர்கள் கூச்சப்பட்டுக் கடைசிக்குப் போவார்கள், ஆனால் இந்த இழுவை அங்கேதான் அதிகம். முன்பக்கமாக, ரைடை வழிநடத்தும் மார்ஷல்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ஒருவர் தடத்தின் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாறி மாறிப் போகவேண்டும், நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு நொடி இடைவெளி.

அப்புறம் ரோபோ. இங்கே டிராபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர். வந்த புதிதில் ஒருவர் "மூன்றாவது ரோபோவில் இடது பக்கம் திரும்பு" என்று வழி சொன்னதும் நான் சாலையோரம் பொம்மை தேடியது தனிக்கதை. சிவப்பு விழுந்து கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் பிரிந்துவிட்டுப் போகட்டும். மார்ஷல் கை காட்டாமல் தாண்டாதீர்கள். நான் அங்கே கண்ட ஒரே நிஜ ஆபத்தும் இப்படி அவசரப்பட்டவரால் வந்ததுதான். ஒரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே போன ஒருவர், பின்தங்கியது தெரிந்ததும் விரட்டிப்போய் ரவுண்டானா முன்னால் சடாரென்று பிரேக் அடித்தார். நான் அவருடைய சைலன்சரில் முட்டாமல் நின்றதற்கு அந்த இரண்டு நொடி இடைவெளிதான் காரணம்.

இதையெல்லாம் மீறி, மோசஸ் மபிடா மைதானத்தின் பெரிய வளைவைப் பின்னால் விட்டு, உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டி, எம்4 சாலையில் வடக்கே உம்ஹ்லாங்கா பக்கம் போகும்போது வலது கைப்பக்கம் இந்தியப் பெருங்கடல் கூடவே வரும். மே மாதம் டர்பனில் மழையும் புழுக்கமும் ஓய்ந்திருக்கும். நடைபாதையில் ஜூலு பாட்டி ஒருவர் பேரனைத் தூக்கிக் காட்டுகிறார், எதிரே வரும் மினிபஸ் டாக்சிகள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. சரி, டாக்சிக்காரர்கள் மற்ற நாளிலும் அடிப்பார்கள்தான். அன்றைக்கு மட்டும் கோபம் வரவில்லை.

இனி பணம். பதிவு செய்ததும் ஒவ்வொருவருக்கும் டிஜிஆர் இணையதளத்தில் தனிப் பக்கம் ஒன்று கிடைக்கும். கொடுப்பவர்கள் அதிலேயே கார்டு வழியாகக் கட்டலாம், பணம் நம் கைக்கு வருவதே இல்லை. எவ்வளவு சேர்ந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரொக்கமாக வாங்கி "நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லும் வேலையே வேண்டாம். வேறு உள்ளூர் ரைடுகளில் பணம் கொடுப்பதானால், இங்குள்ள வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி வரிக் கழிவுக்கான ரசீது தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நவம்பர் கடைசியில் நடக்கும் டாய் ரன் என்கிற பொம்மை நன்கொடை ரைடுக்குப் பணம் கேட்கும் தொல்லை இல்லை. பொம்மை ஒன்றை வாங்கி சீட்டில் கட்டிக்கொண்டு போனால் போதும். குழந்தைக்குக் கரடி பொம்மை என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். புராஸ்டேட் அப்படியா?

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு அறுபத்து மூன்று வயது. 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து முதல் கூலி ஆட்களை இங்கே இறக்கியதே, அதற்கு அப்புறம் வந்த ஏதோ ஒரு கப்பலில் வந்த கரும்புத் தோட்டக் குடும்பம். பேசுவது ஆங்கிலம், நடுநடுவே தம்பி, அய்யோ, சாமி. என் வண்டி சென்னையில் செய்தது என்று சொன்னபோது, "அப்போ என் தாத்தாவின் தாத்தாவும் இதுவும் ஒரே ஊர்க் கப்பல்" என்று டேங்கைத் தட்டிக்கொடுத்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆன்ட்டி உள்ளே போகும்வரை பேசவில்லை. அப்புறம் வேலிக்கு அருகில் வந்து, "அது எங்கே இருக்கு தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். மூத்திரப்பைக்குக் கீழே, வால்நட் கொட்டை அளவு, ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ பெரும்பாலும் இருக்காது, பிஎஸ்ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதை எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். இரவில் மூன்று முறை எழுந்திருப்பதாகவும் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார். அது வயதானவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலும் வரும், எப்படியும் டாக்டரைப் பாருங்கள் என்றேன். நூறு ரேண்ட் கேட்டேன், இருநூறு போட்டார்.

முதல் வருடம் ஐந்தாயிரம் ரேண்ட் இலக்கு வைத்து 3,850-தான் சேர்ந்தது. இரண்டாவது வருடம் அங்கிளே என் பக்கத்தின் லிங்கைத் தன் கோயில் நண்பர்களுக்கு அனுப்பினார், இலக்கைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை பின்சீட்டில் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சான் கல்யாணக் கோட் எனக்கு இடுப்பில் பிடிக்கிறது. பிரித்துத் தைக்க டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன்.