காட்டேஜ் வாடகையை வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஆகஸ்டில் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். லேக் டிஸ்ட்ரிக்டில் கெஸ்விக் பக்கம், நாமே சமைத்துக்கொள்கிற மாதிரி ஒரு காட்டேஜை ஒரு வாரத்துக்கு எடுக்க நினைக்கிறோம். வாடகை 1,400 பவுண்டு. முன்பதிவுத் தளத்தை விட்டுவிட்டு, தன் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் 1,200க்குத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். அனுப்பலாமா? மனம் மாறினால் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்தானே?

பதில்: அனுப்பாதீர்கள். 14 நாள் உரிமையும் உங்களுக்குக் கிடையாது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற 2013ஆம் ஆண்டு விதி, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யும் தங்குமிடத்துக்குப் பொருந்தாது. முன்பணம் கட்டினால் கட்டியதுதான். ஆகவே பெற்றோருக்கு விசா வரும்வரை, இலவசமாக ரத்து செய்ய முடிகிற வீட்டை மட்டும் பாருங்கள்.

இனி அந்த 200 பவுண்டு தள்ளுபடி. "தளம் வேண்டாம், நேரே அனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மோசடிக்காரர் காட்டும் படங்கள் பெரும்பாலும் உண்மையான வீட்டின் படங்கள்தான். முகவரியும் உண்மை. அவர்தான் உரிமையாளர் இல்லை. என்னிடம் வந்த ஒரு குடும்பம் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பாட்டியோடும் அரிசி மூட்டையோடும் போய் இறங்கியபோது, வாசலில் வேறொரு குடும்பம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு சனிக்கிழமையில் அந்தப் பக்கம் மாற்று இடம் எங்கே கிடைக்கும்?

ஏமாந்தால் வங்கி தருமே என்பீர்கள். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதில் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். எச்சரித்தும் கவனிக்காமல் அனுப்பினீர்கள் என்று வாதாடவும் செய்வார்கள். வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் இந்த விதி உதவாது. வீடு இருக்கிறது, ஆனால் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது என்றால் அது மோசடிக் கணக்கிலேயே வராது.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் கார்டு நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டினாலும் முழுத் தொகைக்கும் இது செல்லும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையே. கார்டுப் பணத்தை வாங்குவதோ நடுவிலுள்ள தளம். "நீங்கள் பணம் கொடுத்தவர் வேறு, வாக்குக் கொடுத்தவர் வேறு" என்று சொல்லி வங்கி கையை விரிக்கலாம். இணையத்தில் வீடு பிடிப்பார்கள் என்று யாரும் நினைக்காத காலத்துச் சட்டம் இது. ஐம்பது வருடம் ஆகியும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆளில்லை, அலைவது நீங்கள். பணம் கட்டுவதற்கு முன் நிபந்தனைகளில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: ஒப்பந்தம் யாரோடு, பணம் யாருக்கு? இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், வீட்டில் நுழைந்த பிறகே உரிமையாளருக்குப் பணத்தை விடுவிக்கும் தளமாகப் பாருங்கள். 75ஆம் பிரிவு இல்லை என்று வங்கி சொன்னால், கார்டு வலையமைப்பு வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' கேளுங்கள். அதற்கும் மறுத்தால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. அந்த நேரம் பார்த்து, கமிஷனுக்குப் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சிலர் போன் செய்வார்கள். ஒரு முறை ஏமாந்தவரின் நம்பரைத் தேடிப் பிடிக்கும் கூட்டம் அது. பேசவே பேசாதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் வீட்டுப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். அப்புறம், நீங்களாகக் கண்டுபிடித்த எண்ணில் அழைத்து, வீட்டை வீடியோவில் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள்.

உரிமையாளருக்கு இன்றே எழுதுங்கள்: 1,400 பவுண்டையே தருகிறோம், தளத்துக்குள், கிரெடிட் கார்டில். அவர் இழுத்தடித்தால் வேறு வீடு பாருங்கள். பள்ளி விடுமுறைக் காலம், நல்ல வீடுகள் சீக்கிரம் போய்விடும்.