மலையகத்தில் அபிவிருத்தி வேலைக்கு உடனுக்குடன் வரும் டிஜிட்டல் தரவு உண்மையில் உதவுமா?

நீங்கள் ஏதோ நிறுவனத்தில் களவேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், கையில் ஒரு டெப் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உதவும். ஆனால் என் கோயில் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கோபோ என்ற கணக்கெடுப்புச் செயலியின் படிவத்தில் வீட்டுக் கணக்கெடுத்தேன். லயக் காம்பராவுக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைக்குள், தகரத்துக்குக் கீழ், இடத்தைக் காட்டும் ஜீபீஎஸ் பிடிக்காது. சிக்னல் வருவது மாரியம்மன் கோயில் திட்டில் மட்டும். பகலெல்லாம் கேள்விகளை நிரப்பி, பின்னேரம் திட்டில் ஏறி, விடுபட்ட இடக்குறியை அங்கேயே போட்டு மொத்தமாக அனுப்பினேன். மறுநாள் கொழும்பிலிருந்து போன். "அக்கா, 43 குடும்பம் கோயிலில் தங்கியிருக்கா? மண்சரிவா?" பாய், போர்வைக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்களாம்.

பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் 'இப்போது' என்று காட்டியது நான் திட்டில் ஏறிய நேரத்தை. அதை யாரும் யோசிக்கவில்லை. ஐநா 2009இல் குளோபல் பல்ஸ் என்ற டிஜிட்டல் தரவுத் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து கைபேசியை வைத்தே மக்கள் நடமாட்டத்தை அறியலாம் என்கிறார்கள். எங்கள் பக்கம் சிம் அம்மா பெயரில் இருக்கும், போன் கொழும்புக் கடையில் நிற்கும் மகனிடம் இருக்கும். அம்மா எங்கே என்று கணினி சொல்லும்?

உடனே தொழில்நுட்ப விரோதி என்று சண்டைக்கு வராதீர்கள். மழைமானி விஷயத்தில் நான் முழு ஆதரவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் எச்சரிக்கை, 100இல் அடுத்தது, 150 என்றால் வெளியேற வேண்டும். தானாக அளந்து அனுப்பும் கருவி இருந்தால் நடுச்சாமத்தில் யாரும் மழைநீர் சேரும் போத்தலைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. வெளியேறச் சொன்னால் சரி, எங்கே போவது? லயத்துச் சனத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் உண்டா?

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. செய்மதிக்கு எங்கள் கூரை தெரிகிறது, தபால்காரருக்குக் கதவு தெரியாது. லயத்துக்குத் தனி முகவரி இல்லை, எல்லாருடைய கடிதமும் தோட்ட ஆபிசுக்குத்தான் போகும். என் தங்கச்சியின் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேதி முடிந்து 4 நாள் கழித்துக் கைக்கு வந்தது. கேட்டதற்கு, பைல் கட்டுக்கு அடியில் கிடந்ததாம்.