கையெழுத்துக்குப் பிறகு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொல்குடிகளிடையே ஆய்வு செய்பவர்கள் அம்மக்களுக்குக் கடன்பட்டவர்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் மானுடவியல் முதுகலை மாணவன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெயர்களை மறைத்து, எவருக்கும் உடல்தீங்கு நேராமல் பார்த்துக்கொண்ட பின்னும் என்ன கடன் மிச்சமிருக்கிறது? சேகரித்ததை இன்னொரு கேள்விக்குப் பயன்படுத்தினால் அறிவு பெருகத்தானே செய்யும்? ஒவ்வொரு முறையும் அவர்களிடம் போய் நிற்க வேண்டும் என்பது அறிவியலின் கையைக் கட்டிப்போடுவதாகாதா?

கா.செ.

அன்புள்ள கா.செ.,

நீங்கள் சொல்லும் நிபந்தனைகள் ஏறத்தாழ நிறைவேறியிருந்தும் கெட்டுப்போன ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு ஊர் உண்டு. சாலை கிடையாது, ஹெலிகாப்டர் இல்லையென்றால் மேட்டிலிருந்து எட்டு மைல் நடந்தோ கோவேறு கழுதையிலோ இறங்க வேண்டும். தபாலும் கழுதை முதுகில்தான் போகிறது. அங்குள்ள ஹவாசுபாய் மக்கள் சில நூறு பேர். 1882இல் ஓர் அரசாணை அவர்களுடைய நிலத்தை 518 ஏக்கராகச் சுருக்கியது. இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அவர்கள் 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு நீரிழிவு அவர்களை வாட்டியது. தங்களோடு பல்லாண்டு பழகிய, அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானுடவியலாளர் ஒருவரிடம் உதவி கேட்டார்கள். அவர் வழியாக ஒரு மரபணு ஆய்வாளர் வந்தார். 1990 முதல் ரத்தம் எடுக்கப்பட்டது, கையெழுத்தும் வாங்கப்பட்டது.

2003இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஹவாசுபாய்ப் பெண் ஒருவர் போயிருந்தார். தம் மக்களின் ரத்தத்தைக் கொண்டே அந்த ஆய்வேடு எழுதப்பட்டிருந்ததைக் கேட்டு, அதற்கு அனுமதி பெற்றீர்களா என்று எழுந்து கேட்டார். நீரிழிவுக்கென்று கொடுத்த ரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், ஆசியாவிலிருந்து வந்த இடப்பெயர்வு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்குப் போயிருந்தது அப்போதுதான் வெளிவந்தது. கடைசியாகச் சொன்னது நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுக்குத் தொன்மம் மட்டுமன்று. அம்மண்ணின் மேல் தங்களுக்குள்ள உரிமைக்கே அதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

மரபணு ஆய்வாளர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். படிவத்தில் ‘நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகள்’ என்ற பொதுச்சொல் இருந்தது. ஹவாசுபாய் மக்கள் தொடுத்த வழக்கும் சமரசத்தில் முடிந்ததே தவிர, யார் பிழை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்திட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பேச்சில் அவர்கள் கேட்டது நீரிழிவு என்ற ஒரு சொல்லைத்தான். என் கணக்கில் ஒப்புதல் என்பது அந்தப் பேச்சு. காகிதம் அதற்குச் சாட்சி மட்டுமே.

பெயர்களை மறைப்பதாகச் சொல்கிறீர்கள். சில நூறு பேரே உள்ள குடியில் ஆள் பெயரை மறைத்துக் குடிப்பெயரை அச்சிட்டால், உறவுக்குள் மணம் என்ற முத்திரை பிறக்காத பிள்ளை உட்பட எல்லார் மேலும் விழும். தனிமனிதரைக் காக்க வகுத்த விதி இங்கே உதவாது.

இதில் மரபணு ஆய்வாளரைவிட மானுடவியலாளருக்கே பொறுப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஊசியை நம்பி யாரும் கை நீட்டவில்லை. தங்கள் முற்றத்தில் உட்கார்ந்து பழகிய மனிதரை நம்பி நீட்டினார்கள். அவர் திறந்துவிட்ட கதவு வழியே பிறகு யார் யார் போனார்கள், எதை எடுத்துப் போனார்கள் என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

2010 ஏப்ரலில் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. எஞ்சிய ரத்தத்தையும் திருப்பித் தந்தது. ரத்தம் வைத்திருந்த உறைபெட்டி திறந்தபோது வந்திருந்த ஹவாசுபாய் மக்கள் பாடினார்கள், அழுதார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

அறிவியலின் கை கட்டப்படும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் தொல்குடிகளான சான் மக்கள் 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். அவர்களும் ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதியதை அச்சுக்குப் போகுமுன் எங்களிடம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். போய் நிற்பது உங்களுக்குச் சுமையாகப் படுகிறது. ரத்தம் எடுக்க அந்தப் பள்ளத்தாக்குக்குள் போக முடிந்ததென்றால், புதிய கேள்வி பிறந்தபோதும் போயிருக்க முடியும்.

உங்கள் படிவத்தில், சேகரித்ததை யார் எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு கேள்வி எழுந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்ற இரண்டு வரிகளைச் சேருங்கள். அதை அவர்கள் மொழியில், ஊர்க்கூட்டத்தில், உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த நாளும் அங்கேயே இருங்கள். கேள்விகள் பெரும்பாலும் மறுநாள்தான் வரும்.

அன்புடன்.