லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு எந்த கியர் ஆயில்?

ஆயில் மாற்றியதிலிருந்து, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின் ஆக்சில் கடகடவென்று அதிர்கிறது என்கிறீர்கள். உங்கள் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் ஆக்சில் பற்சக்கர அமைப்பு) கிளட்ச் தட்டு வகை என்றால், பெரும்பாலும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (தட்டுகளின் உராய்வைக் குறைக்கும் சேர்க்கை) இல்லாத ஆயில்தான் காரணம். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது தட்டுகள் வழுக்கிச் செல்ல வேண்டும். மாடிஃபையர் இல்லையென்றால் அவை ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டும். அந்தத் துள்ளல்தான் சத்தம்.

ஜிஎல்-5 தரம் (கியர் ஆயிலுக்கான ஏபிஐ தரக் குறியீடு) கட்டாயம். ஆனால் ஜிஎல்-5 என்பது பற்சக்கரப் பாதுகாப்பை மட்டுமே சொல்கிறது, தட்டுகளைப் பற்றி அல்ல. எனவே டப்பாவில் 'எல்எஸ்' அல்லது 'எல்எஸ்டி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கும், எடுத்தவுடன் மேலும் ஊற்ற வேண்டாம்; இல்லையென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் தட்டுகள் பிடிமானத்தை இழந்து, சாதாரண டிஃபரன்ஷியல் போலாகிவிடும். ஃபோர்டு மஸ்டாங்கின் 8.8 அங்குல டிராக்‌ஷன்-லாக் ஆக்சிலுக்குப் பொதுவாக 118 மி.லி. மாடிஃபையர் போதும். டார்சன் போன்ற பற்சக்கர வகைக்கு இது தேவையே இல்லை. அந்த வகை பற்சக்கரங்களின் உராய்வை நம்பித்தான் வேலை செய்கிறது. பிசுபிசுப்பு எண்ணுக்கு வண்டிக் கையேடே முடிவு.

பழைய ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது துருவேறி வரவில்லை என்றால், காலியான ஆக்சிலோடு மாட்டிக்கொள்வீர்கள். வண்டி சமதளத்தில் நிற்க, துளையின் விளிம்பில் ஆயில் கசியும்வரை நிரப்புங்கள். பிறகு காலியான இடத்தில் 8 வடிவில் மெதுவாகப் பத்துச் சுற்று ஓட்டினால் புது ஆயில் தட்டுகளுக்கிடையே இறங்கும். அதற்கும் அதிர்வு நிற்காவிட்டால் மாடிஃபையரைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.