செக்ரோலில் ஏறாத வேலை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் குடியிருக்கும் தாமானில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் ஒருவர் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். ஒருவர் அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார். சிலர் கணவரோடு போய் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறார்கள். "வீட்டில் சும்மா இருந்தால் வறுமை எப்படிப் போகும்? ஃபேக்டரிக்குப் போங்கள்" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இவர்களில் யாரும் சும்மா இல்லை. செய்கிற வேலைக்கு யாரும் மணிக்கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். ஃபேக்டரிக்குப் போகலாம். ஆனால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு விடை இல்லாமல் சொல்லும் யோசனை அது.

உதிரிப்பழத்திலிருந்து தொடங்குவோம். மூட்டை கணவர் பெயரில் நிறுக்கப்படுகிறது, சம்பளமும் அவர் பெயரில் வருகிறது. பாம்பு தீண்டினாலோ மட்டை விழுந்தாலோ, அந்தப் பெண் அங்கே வேலை செய்தார் என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை. இது சுயதொழில் அல்ல. குத்தகையாளரிடம் கேட்டு, அந்தப் பெண்ணின் பெயரைத் தனியாக செக்ரோலில் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில்) ஏற்றி, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) பிடிக்கச் சொல்ல வேண்டும். குத்தகையாளர் முனகுவார். கேட்கத்தான் வேண்டும்.

முறுக்குக்கு வருவோம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோ அரிசி மாவு, 200 கிராம் வறுத்தரைத்த உளுத்தம் மாவு, 100 கிராம் வெண்ணெய். உடைசல் போக, 200 கிராம் பாக்கெட் ஏழு தேறும். பாக்கெட் ஒன்று கடைக்கு ஆறு வெள்ளி (ரிங்கிட்) என்றால் 42. மாவு, எண்ணெய், கேஸ், பிளாஸ்டிக் உறை எல்லாம் 20. மிச்சம் 22 வெள்ளி. பிசைவது முதல் சட்டி கழுவுவது வரை மூன்று மணி நேரம் என்றால், மணிக்கு 7.33. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.72 ஆகிறது. அதற்கும் கீழே போகிறது நம் முறுக்கு. அதே அடுப்பில் இரண்டு கிலோ மாவு சுட்டால் மிச்சம் 44. எண்ணெய் காய வைப்பதும் கழுவுவதும் ஒரே தடவைதான், அதனால் நேரம் இரட்டிக்காது. நாலரை மணி நேரம் என்றால் மணிக்கு 9.78.

பணம் ஒழுகும் இடங்கள் வேறு. சூடு ஆறுவதற்குள் உறையிட்டால் உள்ளே வியர்த்து முறுக்கு நமுத்துவிடும். எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தால் எண்ணெய் குடிக்கும், லாபமும் அதோடு போகும். வெண்ணெய் கூடினால் சட்டியிலேயே உதிரும். எல்லாவற்றையும் விட மோசம், "வைத்துவிட்டுப் போங்க, விற்றால் காசு" என்கிற கடை. திரும்பி வரும் பாக்கெட் முறுக்கு சுட்டவர் தலையில்தான் விழும். புதுக் கடைக்குப் பாதிச் சரக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், பாக்கிக்கு நோட்டில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

குழந்தை பார்ப்பவரால்தான் மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள். அது தர்மமாகவே நடப்பது எனக்குச் சம்மதமில்லை. காசு கொடுக்க முடியாத வீடு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும்: குழந்தை பார்ப்பவரின் மாமியாரை கிளினிக்குக்கு அழைத்துப் போகட்டும், சமைத்துக் கொடுக்கட்டும். ஒன்று கவனம். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நான்கு பேர் ஆகிவிட்டால், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். வீட்டில் நடத்துவது ஒன்பது பிள்ளைகள் வரைதான்.

காப்புறுதி: சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதுக்குள் சேர வேண்டும், ஆண்டுக்கு 120 வெள்ளி. அது வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கு. விற்பனைக்குச் சுடும்போது கையில் எண்ணெய் கொட்டினால் சுயதொழில் திட்டம்தான் உதவும். அதில் மிகக் குறைந்த படி ஆண்டுக்கு 157.20 வெள்ளி. அரசு மானியம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

முதலுக்குக் கூட்டு (சீட்டு) கட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவும் தயங்க வேண்டிவரும். உங்கள் தொகுதி எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் தோட்ட மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் கட்டினார்கள். ஆனால் அது பதிவு பெற்ற சங்கம். கைமாற்று வேண்டுமென்றால் இரண்டு மூன்று பேருக்குள், எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.