புயல் இரவில் ஆலம்பரை

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பிறந்து வளர்ந்த எங்கள் நால்வருக்கும் புயல் என்றால் பாலாற்றில் தண்ணீர் வருவதுதான். இந்தக் கார்த்திகையில் புயல் உருவானால், அது கரையேறும் இரவில், மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் இருக்கும் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கிக் கடலைப் பார்க்க ஆசை. என்னென்ன எடுத்துப் போவது?

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

ஆசையில் குறை இல்லை, தேர்ந்த இரவுதான் தவறு. கரையேறும் இரவில் கடலே கண்ணில் படாது. மின்சாரத்தை முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். மழை பக்கவாட்டில் அறையும்; டார்ச் வெளிச்சம் அதற்குள்ளேயே கரைந்துபோகும். கூடாரத்தை மறந்துவிடுங்கள். நனைந்த மணலில் முளை நிற்காது. மறைவுக்குச் சவுக்குத்தோப்பில் ஒதுங்கலாம் என்று தோன்றும். மணலில் வேர் பிடித்த சவுக்குதான் பெருங்காற்றில் வரிசையாகச் சாயும். கோட்டைச் சுவரோரமும் வேண்டாம். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்த செங்கல்-சுண்ணாம்புக் கட்டடம் அது, மழை ஊறிய எந்தப் பகுதி எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

புயல் கரையேறிய பிறகு போங்கள். காற்று தணிந்தாலும் கடல் உடனே தணியாது. கலங்கி, பழுப்பேறி, நீளமான அலைகளாக மறுநாளும் வந்துகொண்டிருக்கும். நீங்கள் தேடும் காட்சி அதுதான், பகல் வெளிச்சத்தில்.

ஆனால் 'வலுவிழந்தது' என்ற அறிவிப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அது காற்றைப் பற்றிய சொல். மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல், 31 முதல் 49 வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பதெல்லாம் காற்றின் கணக்கு. மழை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியும் நகராமல் நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 51 செ.மீ. கொட்டியது. உங்கள் பாதையும் கண்ணமங்கலம், ஆரணி, வந்தவாசி, திண்டிவனம், மரக்காணம்தான். ஆரணியில் கமண்டல நாகநதி, பிறகு செய்யாறு, இடையிடையே ஏரிகளின் கலங்கல் (ஏரி நிரம்பி வழியும் இடம்), தரைப்பாலம். மேற்கே ஜவ்வாது மலையில் பெய்தது ஆற்றில் இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். அதனால் காலையில் கடந்த பாலம் மாலையில் மூழ்கியிருக்கலாம். தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலளவு ஓடினாலே கார் மிதந்து பக்கவாட்டில் நகரும்.

அங்கே இருக்கும்போது இன்னொரு தாழ்வு மண்டலம் வந்தால் காற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காற்றை முகத்தில் வாங்கி நில்லுங்கள்: மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்தள்ளி இருக்கும். முதலில் வடக்கிலிருந்து வீசும். அது திரும்பி மேற்கிலிருந்து வீசினால் புயல் உங்களுக்கு வடக்கே கரையேறுகிறது, காற்று தண்ணீரைக் கடலுக்குள் தள்ளும். கிழக்கிலிருந்து வீசினால் புயல் தெற்கே. கடல் உங்கள் மேல் ஏறும் பக்கத்தில் நிற்கிறீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தருகே கரையேறியபோது ஆலம்பரை தெற்கே இருந்தது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கரையேறியபோது வடக்கே, மோசமான பக்கத்தில். காற்று திடீரென நின்று வானம் வெளுத்தால் மையம் தலைக்கு மேல். எதிர்த்திசைக் காற்று அதே வேகத்தில் வரும். வெளியே வராதீர்கள்.

தங்க, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கான்கிரீட் தளம் போட்ட அறை பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிநீர், இரண்டு நாளுக்கு அடுப்பு தேவைப்படாத உணவு, ஏடிஎம் ஓடாது என்பதால் கையில் ரொக்கம். குடை ஒரு நிமிடம் தாங்காது, மழைக்கோட்டு போதும். மாற்றுத்துணியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வீடு திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு அரித்துவிடும்.

மணலில் இறங்கும் முன் இருபது நிமிடம் மேட்டில் நின்று பாருங்கள். அதில் மிகத் தூரம் ஏறிய அலை விட்டுப்போன ஈரக்கோட்டுக்கும் இருபதடி பின்னால்தான் உங்கள் எல்லை. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். கரையில் ஏறிய தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது.